கேற்றுக்கு ஆள் வைத்தது பொலிஸ், ரயில் ஓட்டுவது ரயில்வே: மோதினால் யார் பொறுப்பு?

வாசகர் கேள்வி, 2024 பெப்ரவரி 18

அமெரிக்காவில் கொலராடோ என்ற இடத்தில் பொலிஸ் ஒரு பெண்ணைக் கைது செய்து, விலங்கு போட்டுக் காருக்குள் ஏற்றியிருக்கிறது. அந்தக் கார் நின்றது தண்டவாளத்துக்கு மேலே. ரயில் வந்து அடித்தது. அவளைக் காரில் ஏற்றிய பொலிஸ் உத்தியோகத்தரும் ஒரு பெண்தான்; அவரைக் குற்றவாளி என்று நீதிமன்றம் சொன்னது. இங்கே போன புதன்கிழமை இணுவிலில் வானை ரயில் மோதி ஒரு தகப்பனும் கைக்குழந்தையும் செத்துப்போனார்கள். எங்கள் நாட்டில் ரயில் கடவையில் நடப்பதற்குப் பொலிஸுக்கு ஒரு பொறுப்பும் கிடையாதா? ஒவ்வொரு முறையும் "சாரதியின் கவனயீனம்" என்று எழுதிவிட்டால் முடிந்ததா?

பெப்ரவரி 18, இரவு

இருக்கிறது. நீங்கள் நினைப்பதைவிடக் கூடவே இருக்கிறது.

கையால் தூக்கி இறக்கும் தடி போட்ட கடவைகளில் ஒரு தகரக் கொட்டிலுக்குள் ஒருவர் இருப்பாரே, அவரை ரயில்வே ஆள் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். அவர் ரயில்வே ஆள் இல்லை. 2013 அளவிலிருந்து பொலிஸ் மூலமாக எடுக்கப்பட்டவர்கள் அவர்கள். நாளுக்கு 250 ரூபாய். மாதம் முழுக்க ஒரு நாளும் தவறாமல் நின்றால் 7,500 ரூபாய். நிரந்தர நியமனம் கேட்டு யாழ்ப்பாணத்திலும் வவுனியாவிலும் எத்தனை முறை வீதியில் இருந்தார்கள் என்று எனக்கே கணக்கில்லை.

ஆகவே கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேட்க வேண்டும். கடவைக்கு ஆள் வைத்தது பொலிஸ். அந்த ஆளுக்குச் சம்பளம் வருவது பொலிஸ் மூலமாக. மோதினால் விசாரிக்க வருவதும் அதே பொலிஸ். தன் ஆளைப் பற்றித் தானே விசாரணை எழுதினால் அதில் என்ன வரும்?

பெப்ரவரி 19

கொலராடோ வழக்கைப் பற்றிச் சிலர் கேட்டதால் எழுதுகிறேன்.

2022 செப்ரெம்பர் 16, இரவு நேரம், பிளாற்வில் என்ற சிறிய ஊர். வீதியில் யாரோ துப்பாக்கி காட்டி மிரட்டியதாக முறைப்பாடு வந்து, பொலிஸ் ஒரு பிக்அப் வண்டியை மறித்தது. பிக்அப் கடவையைத் தாண்டி நின்றது. பின்னால் வந்த பொலிஸ் கார் தண்டவாளத்துக்கு மேலே நின்றது. பிக்அப்பை ஓட்டி வந்தவர் 20 வயதுப் பெண். அவரை விலங்கிட்டு அந்தக் காரின் பின் இருக்கையில் ஏற்றிப் பூட்டினார்கள். பிறகு உத்தியோகத்தர்கள் பிக்அப்பைச் சோதிக்கப் போய்விட்டார்கள். சரக்கு ரயில் ஹோர்ன் அடித்துக்கொண்டே வருகிறது. பொலிஸாரின் கமராவிலேயே அந்தச் சத்தம் பதிவாகியிருக்கிறது. உள்ளே இருந்தவரால் கதவைத் திறக்க முடியாது. பலத்த காயம். உயிர் தப்பியது பெரிய விஷயம்.

2023 ஜூலையில், ஜூரி இல்லாமல் நீதிபதியே விசாரித்த வழக்கில், அவரைக் காரில் ஏற்றிய உத்தியோகத்தர் இரண்டு குற்றங்களுக்குக் குற்றவாளி என்று தீர்ப்பானது: பிறர் உயிரைப் பொறுப்பில்லாமல் ஆபத்தில் விட்டது, காயம் விளைவித்தது. அதைவிடப் பெரிய குற்றச்சாட்டான மரணம் விளைவிக்க முயன்றது என்பதிலிருந்து விடுவித்தார்கள். தண்டனை 30 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு. சிறை இல்லை.

தண்டவாளம் இருந்ததைக் கவனிக்கவில்லை என்பதுதான் அவர் பக்கத்து வாதம். அது பொய்யாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. பொய்யில்லாததுதான் என்னைப் பயப்படுத்துகிறது. கண் முழுக்கச் சந்தேகநபர் மேலே, துவக்கு எங்கே என்பதிலே இருந்திருக்கிறது. காலுக்குக் கீழே இருந்த இரும்பு தெரியவில்லை.

பெப்ரவரி 21

மேலே எழுதியதை வாசித்த பிறகு எனக்கு நடந்த ஒன்று திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. எழுதாமல் இருக்க முடியவில்லை.

நான்கைந்து வருடத்துக்கு முன், தென்மராட்சிப் பக்கம். ஊரைச் சொல்லவில்லை. என் உழவு இயந்திரத்தில் சீமெந்துக் கல் ஏற்றிக்கொண்டு கடவை ஏறினேன். புதுப் பாதை போட்டபோது தண்டவாளத்தை நன்றாக உயர்த்திவிட்டார்கள், ஒழுங்கை பள்ளத்தில் கிடக்கிறது. பாரத்தோடு ஏறும்போது இயந்திரம் மூக்கைத் தூக்கும். அன்று முன்சில்லு மறுபக்கம் இறங்க, பெட்டியைக் கொழுவும் ஆணி உடைந்தது. நான் அந்தப் பக்கம், பெட்டி தண்டவாளத்துக்கு மேலே.

கேற்றில் நின்றவன் எங்கள் ஊர்ப் பெடியன். "அண்ணை, இன்னும் இருபது நிமிசத்தில கோச்சி" என்றான். அந்த நேரம் பார்த்து மோட்டார் சைக்கிளில் இரண்டு பொலிஸார் வந்தார்கள். உதவி வந்துவிட்டது என்று நினைத்தேன். இறங்கி முதலில் கேட்டது சாரதி அனுமதிப்பத்திரம். அப்புறம் காப்புறுதி. அப்புறம் பெட்டிக்குப் பின்னால் சிவப்பு விளக்கு ஏன் இல்லை என்று. புத்தகத்தை விரித்துப் பெட்டியின் மேலேயே வைத்து எழுதத் தொடங்கினார்கள். தண்டவாளத்துக்கு நடுவில் நின்றுகொண்டு!

பெடியன் சிவப்புக் கொடியைத் தூக்கிக்கொண்டு பாதை நெடுக ஓடினான். ஒழுங்கை ஆட்கள் ஏழெட்டுப் பேர் வந்து கல்லை இறக்கி, பெட்டியைத் தள்ளினோம். ரயில் தூரத்திலேயே மெதுவாகி நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. எனக்குத் தண்டம் மட்டும் எழுதினார்கள்.

பெப்ரவரி 22

"பொலிஸை மட்டும் குறை சொல்லாதீர்கள், எங்கள் சாரதிகள் என்ன தங்கமா" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. தங்கம் இல்லை. பொல்காவலைக்குப் பக்கத்தில் யாங்கல்மோதரையில் 2005 ஏப்ரல் 27 அன்று நடந்ததை நான் மறக்கவில்லை. கண்டி ரயில் வருகிறது, கடவை எச்சரிக்கிறது, அதையும் மீறி ஒரு தனியார் பஸ் உள்ளே போனது. ஏறத்தாழ 40 பேர் செத்தார்கள். இந்த நாட்டின் மிகப் பெரிய கடவை விபத்துகளில் அதுவும் ஒன்று. அங்கே சாரதியின் குற்றத்தில் ஒரு சந்தேகமும் கிடையாது.

ஆனால் வடக்கை அதோடு அப்படியே சேர்க்க முடியாது. 1990 ஜூனோடு எங்களுக்கு ரயில் நின்றது. தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் பங்கருக்குப் போனது. பாதை ஓடின இடத்தில் பற்றை வளர்ந்தது, ஆட்கள் குறுக்கே ஒழுங்கை வைத்தார்கள், சிலர் வீடே கட்டினார்கள். 2013 செப்ரெம்பரில் கிளிநொச்சிக்கு வந்து, 2014 ஒக்ரோபர் 13 அன்று யாழ்ப்பாணத்துக்கு மறுபடி ரயில் வந்தபோது, 24 வயதுப் பிள்ளை ஒன்று தன் ஊரில் ரயிலைப் பார்த்ததே இல்லை. அடுத்த ஜனவரியில் காங்கேசன்துறை வரை ஓடியது.

வந்த ரயில் அப்பா சொன்ன பழைய ரயிலும் இல்லை. தூரத்தில் புகை தெரியும், பூமி அதிரும், ஆறுதலாகக் கடக்கலாம் என்பதெல்லாம் அந்தக் காலம். இப்போது பற்றவைத்துத் தொடுத்த தண்டவாளம், சத்தம் குறைவு. மணிக்கு 100 கிலோமீற்றரில் வருகிற ரயில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 28 மீற்றர் ஓடும். அரைக் கிலோமீற்றர் தள்ளி வளைவில் தலை காட்டினால் உங்களுக்கு 18 செக்கன். மோட்டார் சைக்கிள் நின்றுபோனால் மறுபடி உதைத்து ஸ்ராட் பண்ணவே அது காணாது.

பெப்ரவரி 25

21ஆம் திகதி எழுதியதில் ஒரு பிழை. திருத்த வேண்டும்.

இரண்டு பொலிஸாரும் புத்தகத்தோடு நின்றார்கள் என்பது போல எழுதிவிட்டேன். நேற்று அந்தப் பெடியனோடு கதைத்தேன். "இல்லை அண்ணை, சின்னவர் என்னோட ஓடி வந்தவர்" என்றான். யோசித்தால் உண்மைதான். இளம் பொலிஸ்காரர், தமிழ் அவ்வளவாகத் தெரியாது. தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு ஓடினார். பெடியன் கொடியோடு நடுவில், அவர் ஓரத்தில் தொப்பியை வீசியபடி. எழுதிக்கொண்டு நின்றது பெரியவர் ஒருவர்தான்.

எனக்குக் கோபத்தில் அந்த ஓட்டம் மறந்துபோயிருக்கிறது. அந்த இளைஞருக்கு நான் நன்றிகூடச் சொல்லவில்லை.

இதில் இன்னொன்றும் தெரிகிறது. கடவையில் வண்டி மாட்டினால் என்ன செய்ய வேண்டும் என்று இரண்டு பேரில் ஒருவருக்கும் யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. ஒருவர் தன் புத்தியில் ஓடினார். மற்றவர் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தார்.

மார்ச் 3

இன்று ஞாயிறு. காலை ஆறு மணியிலிருந்து பகல் ஒரு மணி வரை பெடியனோடு கொட்டிலில் இருந்தேன். (பெடியன் என்று எழுதிப் பழகிவிட்டது. அவனுக்கு முப்பத்திநாலு வயது, இரண்டு பிள்ளை.)

கொட்டில் ஆறடிக்கு ஐந்தடி இருக்கும். மேலே தகரம், பத்து மணிக்கே உள்ளே இருக்க முடியவில்லை. ஒரு பிளாஸ்ரிக் கதிரை, ஒரு கால் ஒட்டுப் போட்டது. சிவப்புக் கொடி ஒன்று, பச்சைக் கொடி ஒன்று, இரவுக்கு ஒரு ரோச். ரோச் அவன் காசில் வாங்கியது. தண்ணீர் எதிர் வளவுக் கிணற்றில். மலசலகூடத்துக்கும் அந்த வீட்டாரின் தயவுதான். பெண் காப்பாளர்கள் நிற்கும் கடவைகளில் இது எவ்வளவு பெரிய கஷ்டம் என்று அவன் சொல்லித்தான் நினைத்துப் பார்த்தேன்.

நான் பார்க்கப் போனது ஒன்றைத்தான்: ரயில் வருகிறது என்று இவனுக்கு எப்படித் தெரிகிறது? ஸ்ரேசனிலிருந்து கொட்டிலுக்குத் தொலைபேசி இல்லை. மணி இல்லை. விளக்கு இல்லை. சுவரில் நேர அட்டவணை ஒட்டியிருக்கிறான். ஆனால் ரயில் அட்டவணைப்படி வந்தால்தானே. இன்று காலை ரயில் ஐம்பது நிமிடம் பிந்தியது.

அவன் செய்வது இதுதான். முந்தின கடவைக் காப்பாளர் தன் கைத்தொலைபேசியில் அழைப்பார். ஒரு முறை அடித்து வெட்டினால் ரயில் அவரைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம். எடுத்துக் கதைத்தால் காசு போகும், அதனால் மிஸ்ட் கோல். இவன் தடியை இறக்கிக் கொடியோடு நிற்பான். ரயில் போனதும் அடுத்த கடவைக்கு இவன் ஒரு மிஸ்ட் கோல். இப்படியே கைமாறிக் கைமாறிப் போகிறது. ஒருவரின் போனில் சார்ஜ் இறங்கினால் சங்கிலி அந்த இடத்தில் அறுந்துவிடும்.

பதினொரு மணிக்கு அவன் போன் அடித்து வெட்டியது. எழும்பிப் போனான். தடியின் பின்பக்கம் பாரத்துக்கு சீமெந்து நிரப்பிய பழைய பெயின்ற் வாளி தொங்குகிறது. கயிற்றை அவிழ்க்க, தடி மெதுவாக இறங்கியது. ஒரு ஓட்டோ குனிந்து போகப் பார்த்தது. இவன் ஒன்றும் சொல்லவில்லை, முன்னால் போய் நின்றான். ஓட்டோக்காரர் எரிச்சலோடு ஹோர்ன் அடித்தார். ஒரு நிமிடமும் ஆகவில்லை, ரயில் காற்றை இழுத்துக்கொண்டு போனது. கொட்டில் தகரம் அதிர்ந்து அடங்க, கதிரைக்கு வந்து ஒரு கொப்பியில் நேரத்தை எழுதினான். பழைய கொப்பிகள் நாலைந்து பையில் கட்டி வைத்திருக்கிறான். யாரும் கேட்டதில்லையாம். "ஒருநாள் ஏதும் நடந்தா, நான் நிண்டனான் எண்டதுக்கு இதுதான் அண்ணை சாட்சி" என்றான்.

மார்ச் 4

நேற்று எழுதியதை வாசித்த ஒருவர், அப்படியானால் இந்த வேலையை விட்டுவிட்டுக் கூலிக்குப் போகலாமே என்று கேட்கிறார். ஒரு நாள் கூலி இதைவிடப் பல மடங்கு என்பது அவனுக்கும் தெரியும். நிரந்தரமாக்குவார்கள் என்ற நம்பிக்கையில் பத்து வருடம் போய்விட்டது. இப்போது விட்டால் அந்தப் பத்து வருடமும் போய்விடும். அதனால் இரவு முறை வந்தால் இரவில் கடவை, பகலில் தோட்டம். இரவு இரண்டு மணிக்கு அவன் கண் சொருகினால் அதை யாருடைய கவனயீனம் என்று எழுதுவது?

மார்ச் 10

தன் ஆளைப் பற்றிப் பொலிஸ் தானே விசாரித்தால் என்ன வரும் என்று முதல் நாள் கேட்டிருந்தேன். இன்று அதற்கு வருகிறேன்.

கடவையில் ஒரு மரணம் நடந்தால் நான் பார்த்த வரையில் நடப்பது இது. பொலிஸ் வரும். உடலை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். திடீர் மரண விசாரணை அதிகாரி வருவார். ரயில் சாரதியிடமும் கண்டவர்களிடமும் வாக்குமூலம். கடவையில் காப்பாளர் இருந்தால் அவரிடமும். அதிலிருந்து வழக்கு இரண்டு பக்கமாகத்தான் போகும்: செத்தவரோ அவருடைய சாரதியோ கவனயீனம், அல்லது காப்பாளர் கவனயீனம். கீழே இருக்கிற இரண்டு பேர். அவர்களுக்கு மேலே கேள்வி ஏறுவதை நான் கண்டதில்லை.

இந்தக் கடவைக்கு ஏன் மணி இல்லை? ரயில்வேயைக் கேட்டால், அது பொலிஸ் ஆள் வைத்த கடவை. காப்பாளருக்கு ஏன் தொடர்பு வசதி இல்லை? பொலிஸைக் கேட்டால், பாதை ரயில்வேயுடையது. ஒழுங்கை ஏன் இவ்வளவு பள்ளம்? அது பிரதேச சபை. மூன்று பேருக்கும் நடுவில்தான் அந்தத் தடி தொங்குகிறது.

முதல் நாள் நான் எழுதியபோது, பொலிஸ் தன் ஆளைக் காப்பாற்றும் என்பதுபோல ஒரு தொனி வந்துவிட்டது. அது நடப்பதற்கு நேர்மாறு. ஆள் எடுக்கும்போது பொலிஸின் ஆள், பிழை நடந்தால் தனி ஆள். கொலராடோவில் அந்த உத்தியோகத்தர் கூண்டில் நின்றார், சரி. இங்கே கூண்டில் நிற்கப்போவது 250 ரூபாய்க்காரன். அவனை அங்கே போன் இல்லாமல், விளக்கு இல்லாமல் நிறுத்திவைத்தவர்களின் பெயர் எந்தக் காகிதத்திலும் வராது.

என் கருத்து: இந்தக் கடவைகளைப் பொலிஸின் கையிலிருந்து எடுத்து ரயில்வேயிடமே முழுதாகக் கொடுக்க வேண்டும். ஆட்களையும் சேர்த்துத்தான். ரயில் எங்கே வருகிறது என்று தெரிந்தவனுடைய சம்பளப் பட்டியலில்தான் கேற்றை இறக்குபவனும் இருக்க வேண்டும். அப்போது பொலிஸ் வெளியாளாக நின்று நேர்மையாக விசாரிக்கலாம்.

மார்ச் 17

வேறு ஒரு விஷயம், ஆனால் இதைத் தெரிந்து வைத்திருப்பது நல்லது.

வாகனம் தண்டவாளத்தில் நின்றுவிட்டால் முதலில் எல்லோரும் இறங்குங்கள். பிள்ளைகள் முதல். ரயில் கண்ணுக்குத் தெரிந்தால் பிறகு வாகனத்தைத் தள்ளப் போகாதீர்கள். பாதையை விட்டு விலகி, ரயில் வருகிற திசைப் பக்கமாகவே சரிந்து ஓடுங்கள். கேட்க விசர்க்கதை போல இருக்கும். ஆனால் மோதினால் வாகனமும் துண்டுகளும் ரயில் போகிற பக்கம்தான் சிதறும். ரயிலோடு சேர்ந்து ஒரே பக்கமாக ஓடினால் அது உங்கள் மேல் வந்து விழும். இதை என் மனைவிக்குச் சொன்னபோது, "சரி, பிள்ளைகளுக்கும் காட்டிக் கொடுங்கோ" என்றார். முற்றத்தில் கோடு கீறிக் காட்டினேன்.

அமெரிக்காவில் கடவைகளில் நீல நிறத்தில் ஒரு சிறிய பலகை இருக்கும். ரயில் கம்பனியின் அவசர இலக்கமும் அந்தக் கடவைக்கு உரிய எண்ணும் அதில் இருக்கும். அழைத்து எண்ணைச் சொன்னால் அந்தப் பாதையில் வரும் ரயிலை நிறுத்தப் பார்ப்பார்கள். இங்கே என் பெட்டி மாட்டியபோது எனக்கு 119 தவிர ஒன்றும் தெரியாது. 119 பொலிஸ். பொலிஸ் ஏற்கெனவே அங்கேதான் நின்றது.

ஏப்ரல் 27

இன்று யாங்கல்மோதரைக்கு 19 வருடம்.

பெடியனிடம் கேட்டேன், வண்டி மாட்டினால் நீ யாருக்கு அழைப்பாய் என்று. கொட்டிலின் உள்பக்கத் தகரத்தைக் காட்டினான். சோக்கட்டியால் எழுதிய இலக்கம் ஒன்று. இரண்டு பக்க ஸ்ரேசன்களில் ஒன்றில் முந்தி இருந்த அதிபர் தன் சொந்த இலக்கத்தைக் கொடுத்தாராம். அவர் மாற்றலாகிப் போய் இரண்டு வருடம். மாரி மழை ஒழுகிக் கடைசி மூன்று எண்ணும் அழிந்திருந்தது. அவனுக்குப் பாடம். எனக்கோ அந்த ஒழுங்கை ஆட்களுக்கோ இல்லை.

காலையில் இரண்டு ஸ்ரேசனுக்கும் போனேன். ஒன்றில் உடனே தந்தார்கள். மற்றதில் எதற்கு என்று நிறையக் கேட்டார்கள், பிறகு தந்தார்கள். பொலிஸ் நிலையத்துக்கும் போய்ப் பொறுப்பதிகாரியின் இலக்கத்தைக் கேட்டேன். வெளியே பலகையில் இருக்கிறது, பார்த்து எழுதுங்கள் என்றார்கள். எழுதினேன்.

பின்னேரம் சிவப்புப் பெயின்ற் ஒரு சின்னப் பேணியும் தூரிகையும் வாங்கிக்கொண்டு போனோம். கொட்டிலின் வெளிப்பக்கம், வீதியில் வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி, மூன்று இலக்கங்கள். மேலே இரண்டும் ஸ்ரேசன், கடைசியில் பொலிஸ். என் கையெழுத்து வடிவில்லை என்று அவன்தான் எழுதினான், நான் பேணியைப் பிடித்தேன். பாதி எழுதும்போது அவன் போன் அடித்து வெட்டியது. தூரிகையை என்னிடம் தந்துவிட்டுத் தடியை இறக்கப் போனான்.